பாடகர் மாறிய பழைய ராக் குழுவை அதே குழுவாகக் கேட்க முடியுமா?

வானொலிக்காலம் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஃபாரினர் குழுவின் பாடல்களை இளமையிலிருந்தே கேட்டு வருபவன் நான். 1976-இல் மிக் ஜோன்ஸ் நியூயார்க்கில் தொடங்கிய அந்தக் குழுவின் குரல் என்றால் என் காதில் இன்றும் ஒலிப்பது லூ கிராமின் குரல்தான். அவர் விலகிய பிறகு, 2005 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கெல்லி ஹான்சன் பாடினார். 2025-இல் அவரும் விடைபெற்றுக்கொள்ள, அதே குழுவில் கிதார் வாசித்துவந்த லூயிஸ் மால்டொனாடோ முன்னணிப் பாடகராகியிருக்கிறார். மிக் ஜோன்ஸ் தமக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பதை 2024-இல் அறிவித்தார். சுற்றுப்பயணங்களில் அவர் இப்போது வாசிப்பதில்லை. ஆகவே, 1977-இல் வந்த முதல் ஆல்பத்தில் வாசித்த எவரும் இன்று மேடையில் நிலையாக இல்லை.

என் கேள்வி இரண்டு பகுதிகளைக் கொண்டது. பாடகரும் மாறி, தொடங்கியவரும் மேடையில் இல்லாதபோது அதை அதே குழு என்று ஏற்றுக்கொள்வது சரியா? அப்படியே ஏற்றுக்கொண்டாலும், பழைய குரலோடு ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்காமல் புதிய பாடகரை நியாயமாக மதிப்பிடுவது எப்படி? கச்சேரிக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன் விவரமறிந்தவர்களின் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

தாளக்கட்டு எழுதியது:

உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் முதல் கேள்விக்கான விடை பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஒரு புதிய பாடகர் பழைய பாடல்களை எவ்வளவு நன்றாகப் பாடுகிறார் என்பதைவிட, அவர் வந்த பிறகு அந்தக் குழு புதிதாக ஏதாவது செய்ததா என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

ஏசி/டிசியை எடுத்துக்கொள்ளுங்கள். 1980 பிப்ரவரியில் பான் ஸ்காட் இறந்தார். அதே ஆண்டு ஜூலையில், பிரையன் ஜான்சனின் குரலில் 'பேக் இன் பிளாக்' வெளிவந்துவிட்டது. துக்கத்தின் அடையாளமாக அட்டை முழுவதும் கறுப்பு; முதல் பாடல் நிதானமாக அடிக்கும் மணியோசையோடு தொடங்குகிறது. இறந்தவரை மறைக்கவும் இல்லை, அவரைப்போல் ஒருவரைத் தேடிப்பிடித்து நிறுத்தவும் இல்லை. ஜான்சனின் கரகரப்பான உச்சக்குரலுக்கென்றே பாடல்கள் எழுதப்பட்டதால், சில மாதங்களுக்குள் அவர் அந்தக் குழுவில் ஒருவராகவே ஆகிவிட்டார். பிளாக் சாபத்தும் அப்படித்தான்: 1979-இல் ஆஸி ஆஸ்போர்னை விலக்கிய பிறகு, ரோனி ஜேம்ஸ் டியோவைக்கொண்டு 1980-இல் முற்றிலும் வேறு குணமுள்ள ஓர் ஆல்பத்தைத் தந்தது.

அயர்ன் மெய்டனின் கதை இதற்கு மறுபக்கம். புரூஸ் டிக்கின்சன் விலகியதும் 1994-இல் பிளேஸ் பெய்லி வந்தார். அவருடையது தாழ்ந்த, கனமான குரல். ஆனால் டிக்கின்சனின் உச்ச ஸ்தாயிக்காக எழுதப்பட்ட பாடல்களையும் அவர் ஒவ்வொரு கச்சேரியிலும் பாடியாக வேண்டியிருந்தது. அதில் அவர் திணறியதைப் பலரும் குறையாகச் சொன்னார்கள். அவரை மட்டும் குறைகூறுவது அநியாயம் என்றே நான் எப்போதும் வாதிட்டு வருகிறேன். அவர் காலத்தில் எழுதப்பட்ட 'சைன் ஆஃப் தி கிராஸ்', 'தி கிளான்ஸ்மேன்' ஆகியவற்றை, 1999-இல் திரும்பி வந்த டிக்கின்சனே பின்னாளில் மேடையில் பாடினார். தமக்கென்று எழுதப்பட்ட பாடல்களில் பெய்லி தோற்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

மால்டொனாடோ கிதார் கலைஞராக உள்ளேயே இருந்தவர் என்பதை நல்ல அறிகுறியாகக் கொள்கிறேன். 1975-இல் பீட்டர் கேப்ரியல் விலகியபோது ஜெனிசிஸ் குழு வெளியே பலரைப் பாடவைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் தங்கள் டிரம்ஸ் கலைஞரான ஃபில் காலின்ஸையே பாடகராக்கியது. அதன்பின் அந்தக் குழு அடைந்த வளர்ச்சி அனைவரும் அறிந்தது. சக கலைஞர்களின் மூச்சும் தாளமும் அறிந்த ஒருவருக்குப் பாட்டில் எங்கே விட்டுக்கொடுக்க வேண்டும், எங்கே முன்னால் வர வேண்டும் என்பது சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆறுதந்தி எழுதியது:

நான் கிதார் வாசிப்பவன். பழைய பாடல்களைப் பாடும் குழுக்களில் பாடகர் மாறும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதை ஓரளவு அறிந்தவன் என்பதால், சுருதி பற்றி மட்டும் சொல்கிறேன்.

ரசிகர்கள் 'குரல் ஒத்துவரவில்லை' என்று சொல்லும் இடங்களில் பாதிக்கு மேல் சுருதிச் சிக்கல்தான் என்பது என் கருத்து. ஒரு பாடல் எழுதப்படும்போதே அது முதல் பாடகரின் சாரீரத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையாகிவிடுகிறது. புதியவருக்கு அது அரைக் கட்டை கூடுதலாக இருந்தால், கீபோர்டு வாசிப்பவர் ஒரு பொத்தானை அழுத்திச் சரிசெய்துவிடுவார். கிதாருக்கு அது அவ்வளவு எளிதன்று. ராக் இசையின் பல முக்கியமான கோவைகள் (ரிஃப் எனப்படும், திரும்பத் திரும்ப வரும் கிதார் வரிகள்), தடித்த கீழ்த்தந்தியை விரல் வைக்காமல் திறந்தபடி முழங்கவிட்டு, அதன்மேல் மற்றத் தந்திகளில் விரல்களை நகர்த்தி வாசிக்கப்படுபவை. அந்தத் திறந்த தந்தியின் முழக்கம் போய்விட்டால் பாடலின் உடம்பே போய்விடும். ஆகவே, கோவையை வேறு இடத்துக்கு நகர்த்தாமல் ஆறு தந்திகளையும் ஒருசேர இறக்க வேண்டியிருக்கிறது. இறக்கினால் தந்திகள் தளரும். தளர்ச்சியை ஈடுசெய்யச் சற்றே தடித்த தந்திகளைக் கட்ட வேண்டும். அப்போது நெடுங்காலம் பழகிய கைக்கும் வாசிப்பு மாறிவிடும். ஒரு பாடகருக்காக மொத்தக் குழுவும் தன் கையை மாற்றிக்கொள்ள இசைகிறதா என்பதில்தான் அவருக்கு அங்கே என்ன மதிப்பு என்பது தெரியும்.

அரைக் கட்டை இறக்கிப் பாடுவதை ஏமாற்று வேலை என்று சிலர் எழுதுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. முதல் பாடகர்களே வயது ஏற ஏற அப்படித்தான் பாடியிருக்கிறார்கள். ஒலிப்பதிவுக்கூடத்தில் ஒரே ஒரு முறை எட்டிப்பிடித்த உச்சத்தை வாரத்தில் நான்கைந்து இரவுகள் எட்டுவது வேறு வகை உழைப்பு.

இன்னொன்று: குரலின் நிறத்தைப் போலச் செய்வது ஒப்பீட்டளவில் எளிது, சொல்லைத் தாளத்தில் வைக்கும் இடத்தைப் பிடிப்பதுதான் கடினம். லூ கிராம் பல வரிகளில் சொல்லைத் தாளத்துக்கு இம்மியளவு பின்னால் இழுத்து வைப்பார். அதை அச்சாகப் பின்பற்றுபவரைவிட, அந்த இழுப்பு எதற்காக என்பதைப் புரிந்துகொண்டு தம் பாணியில் ஓர் இடம் கண்டுபிடிப்பவரையே நான் விரும்பிக் கேட்பேன்.

முதல்வரிசை எழுதியது:

மேலே சொல்லப்பட்டவற்றை மதிக்கிறேன். ஆனால் கேள்வியின் முதல் பகுதியை இவ்வளவு எளிதாகக் கடந்துவிட முடியாது என்று நினைக்கிறேன். பெயர் என்பது ரசிகருக்குத் தரப்படும் வாக்குறுதி. ரே மன்சாரெக்கும் ராபி கிரீகரும் 2002-இல் இயன் ஆஸ்ட்பரியைப் பாடவைத்து 'தி டோர்ஸ்' என்ற பெயர் கலந்த தலைப்பில் சுற்றுப்பயணம் செய்தபோது, அக்குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஜான் டென்ஸ்மோரே வழக்குத் தொடர்ந்தார். மறைந்த பாடகர் ஜிம் மாரிசன் இல்லாமல் அந்தப் பெயர் செல்லாது என்பது அவர் நிலைப்பாடு. நீதிமன்றமும் அவர் பக்கமே நின்றது. பணம் வரும் வழியைத் தானே அடைத்துக்கொண்ட அந்த மனிதரை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இதற்கு நேர்மையான வழிகள் இல்லாமலில்லை. பிளாக் சாபத்தின் டோனி ஐயோமியும் கீஸர் பட்லரும் 2006-இல் மீண்டும் டியோவுடன் சேர்ந்தபோது பழைய பெயரில் அறிவிக்காமல், 'ஹெவன் அண்ட் ஹெல்' என்ற பெயரில்தான் மேடையேறினார்கள். குவீன் குழுவும் முதலில் பால் ராட்ஜர்ஸையும் பின்னர் ஆடம் லாம்பர்ட்டையும் சேர்த்துக்கொண்டபோது, அவர்கள் பெயரைக் கூட்டல் குறியோடு தனியாகவே போட்டது. அந்தக் கச்சேரிகளில் 'லவ் ஆஃப் மை லைஃப்' பாடலை லாம்பர்ட் பாடுவதில்லை. கிதார் கலைஞர் பிரையன் மே மட்டும் மேடையின் முன்பக்கம் வந்து அமர்ந்து கிதாரை மீட்டுவார், கூட்டத்தினர் பாடுவார்கள், முடிவில் திரையில் மறைந்த முதல் பாடகர் ஃப்ரெடி மெர்குரி தோன்றிக் கடைசி வரிகளைப் பாடுவார். எந்த இடத்தைப் புதியவருக்குக் கொடுக்க வேண்டும், எந்த இடத்தைக் காலியாகவே வைக்க வேண்டும் என்று தெரிந்திருப்பதுதான் மரியாதை.

ஃபாரினரைப் பொறுத்தவரை, ஜோன்ஸின் ஒப்புதலோடு நடப்பதால் டோர்ஸ் வழக்கோடு அதை ஒப்பிட மாட்டேன். ஆயினும், மேடையில் யார் இருப்பார்கள் என்பதை விளம்பரத்திலேயே தெளிவாகச் சொல்வது எந்தக் குழுவுக்கும் கடமை.

வானொலிக்காலம் மீண்டும் எழுதியது:

மூவருக்கும் நன்றி. பெயர் பற்றிய கருத்தை ஏற்கிறேன். மேடையில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தேதான் போகிறேன் என்பதால், என்னளவில் அதில் ஏமாற்றம் இராது. போகத்தான் எண்ணுகிறேன். அதற்கு முன் அண்மைக்காலக் கச்சேரிப் பதிவுகளைக் கேட்பதென்றால் எதைக் கவனிக்க வேண்டும் என்று ஆறுதந்தி அவர்கள் சொல்ல இயலுமா?

ஆறுதந்தி எழுதியது:

பல்லவியை வைத்து முடிவு செய்யாதீர்கள். அங்கே குழுவினர் அனைவரும் சேர்ந்து பாடுவார்கள், கூட்டமும் சேர்ந்துகொள்ளும், பாடகரின் குறை நிறை இரண்டுமே அதில் மறைந்துவிடும். 1984-இல் வெளிவந்த 'ஐ வாண்ட் டு நோ வாட் லவ் இஸ்' பாடலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிற்பகுதியைத் தாங்குவது நியூ ஜெர்சி மாஸ் கொயர் என்ற பெருங்குழுவின் குரல். தொடக்கத்திலோ மெல்லிய கீபோர்டு ஒலியே முக்கியத் துணை. பாடகர் தாழ்ந்த குரலில், தயங்கித் தயங்கிப் பேசுவதுபோல் தொடங்க வேண்டும். உச்சத்தை எட்டுபவர்கள் பலர் உண்டு. அந்தத் தாழ்ந்த வரிகளில் ஒவ்வொரு சொல்லும் காதில் விழும்படி, மூச்சு உடையாமல் பாடுபவர்கள் குறைவு.

பதிவு கச்சேரியின் பிற்பகுதியில் எடுக்கப்பட்டதாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் ஒன்றரை மணி நேரம் பாடிக் களைத்த பிறகு குரல் எப்படி நிற்கிறது என்பது அப்போதுதான் தெரியும். ஒரே பாடலின் இரண்டு வெவ்வேறு இரவுப் பதிவுகள் கிடைத்தால் இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். சங்கதிகள் இம்மி பிசகாமல் ஒன்றாகவே இருந்தால் அவர் இன்னும் பழைய ஒலிப்பதிவை ஒப்பிக்கிறார் என்று பொருள். சிறு சிறு மாறுதல்கள் இருந்தால் பாடல் அவர் கைக்கு வரத் தொடங்கிவிட்டது.