1887 கலித்தொகை: கையொப்பமும் தோல் மட்டையும், தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் அண்ணாமார், அக்காமார். பழைய கவிதைப் புத்தகங்கள் சேர்க்கிறேன். நல்ல தோல் பைண்டிங், உள்ளே முன்பு வைத்திருந்தவரின் பெயர், இரண்டும் இருந்தால் விடமாட்டேன்.

சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் பதிப்பித்த கலித்தொகை ஒன்று யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் விலைக்கு வந்திருக்கிறது, முன்தாளில் அந்தக் காலத்தில் பேர்பெற்ற நொத்தாரிசு (காணிப் பத்திரம் எழுதுபவர்) ஒருவரின் கையொப்பம். அவருடையதுதானா என்று ஒப்பிட, அவர் எழுதிய பழைய காணி உறுதி யாரிடமாவது இருந்தால் கையொப்பத்தை மட்டும் படமெடுத்து உள்பெட்டியில் அனுப்புவீர்களா?

மற்றது, முதுகுத் தோல் செம்பொடியாக உதிர்கிறது. புது மட்டை போடுபவர்கள் முன்தாளைக் கழற்றி எறிந்து, ஓரத்தையும் வெட்டிவிடுவார்கள். 1981இல் நூலகம் எரிந்த ஊரில் மிஞ்சிய பிரதி இது, அதனால் பழைய தோலையே வைத்துத் திருத்தத் தெரிந்தவர் யாழ்ப்பாணத்தில் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.