துணைவர் சிட்டிசன் என்றால் 189 விசாவுக்கு அந்த 10 பாயிண்ட் கிடைக்குமா?

வணக்கம். ஆஸ்திரேலியாவில் 485 விசாவில் (படிப்பு முடித்தவர்களுக்கான தற்காலிக விசா) இருக்கிறேன், சிவில் இன்ஜினியர். கணவர் இங்கே சிட்டிசன். பார்ட்னர் விசா போடு என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். கட்டணம் 9,000 டாலருக்கு மேல். பாயிண்ட் கணக்கில் திறனாளர்களுக்குத் தரும் 189 விசாவுக்கு ஏறக்குறைய அதில் பாதிதான். படித்த படிப்புக்கு என் பெயரிலேயே பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) வாங்கத்தான் ஆசை (வீட்டில் இதற்குக் கொஞ்சம் முணுமுணுப்பு உண்டு).

தனியாள் என்றாலோ, துணைவர் சிட்டிசன் அல்லது பிஆர் என்றாலோ 10 பாயிண்ட் உண்டு, அது தெரியும். இஓஐ-யில் (விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன் போடும் விருப்பப் பதிவு) துணைவரை விண்ணப்பத்தில் சேர்க்கிறீர்களா என்று கேட்கிறதே, அங்கேதான் இடிக்கிறது. அவருக்கு விசாவே வேண்டாமே! 'இல்லை' போட்டவர்களுக்கு 10 பாயிண்ட் தானாக ஏறியதா? பிறகு அவர் பாஸ்போர்ட்டும் திருமணச் சான்றிதழும் போதுமானதாக இருந்ததா, ஜாயின்ட் அக்கவுண்ட், வாடகை ஒப்பந்தம் எல்லாம் கேட்டார்களா? இப்படி விண்ணப்பித்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.