ஸ்டூவர்ட்ஷிப்: தமிழில் என்ன போடலாம்?

காரைக்குடி:
வணக்கம். செவிலியர் பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். அரசும் தனியாரும் கலந்து வைத்தியம் பார்க்கும் நாடுகளில், அரசாங்கம் தன் ஆஸ்பத்திரிகளை நடத்தினால் மட்டும் போதாது, தனியாரையும் சேர்த்து முழு ஏற்பாட்டுக்கும் பொறுப்பேற்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2000-ஆம் ஆண்டு அறிக்கையில் இதைத்தான் ஸ்டூவர்ட்ஷிப் என்றது. 'மேலாண்மை' போட்டால் வார்டு நிர்வாகம் என்று படிக்கிறார்கள். 'ஆளுகை' கவர்னன்ஸுக்குப் போய்விட்டது.

தேவகோட்டை:
'புரவு' இருக்கிறதே! புரத்தல் என்றால் காத்தல். புரவலர், புரந்தரன் எல்லாம் அந்த வேர்தான்.

கானாடுகாத்தான்:
ஐயா, புரந்தரன் வடசொல், கோட்டையை உடைத்தவன் என்று பொருள். சோழர் கல்வெட்டில் புரவுவரி என்றால் நிலவரி, செவிலியர்கள் வரி வசூலுக்குப் போய்விடப் போகிறார்கள். எங்கள் பக்கத்துச் சொல்லே இருக்கிறது. பர்மாவில் செட்டியார் வட்டிக்கடையை நடத்திய மேலாள், அதாவது ஏஜென்ட், முதலாளி பணத்தை வைத்துத் தொழில் பார்த்துவிட்டு ஊர் திரும்பிக் கணக்கு ஒப்படைத்தார். அடுத்தவர் பொருளுக்குப் பொறுப்பு, அதுதானே கருத்து? மேலாண்மையையே மீட்டெடுங்கள்.

காரைக்குடி:
அண்ணே, மேலாள் தன் கடையைத்தான் பார்த்தார், எதிர்க்கடை வட்டியை அவரா நிர்ணயித்தார்? இங்கே முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு ஒருவர் தனியார் ஆஸ்பத்திரியில் இதய ஆபரேஷன் செய்துகொள்கிறார்: பணம் அரசுடையது, கட்டில் தனியாருடையது. அதே ஆஸ்பத்திரிக்குப் பதிவு கொடுப்பதும் அரசுதான். தனியார் மருத்துவமனைகளுக்கான தமிழ்நாட்டுச் சட்டம் 1997-இல் வந்தது, விதிகள் 2018-இல்தான் வந்தன. இடைப்பட்ட காலத்தில் இல்லாமல் போனதுக்குத்தான் பெயர் தேடுகிறேன்.

பள்ளத்தூர்:
நான் வகுப்பெடுப்பவள். பேசாமல் ஸ்டூவர்ட்ஷிப் என்றே எழுதுங்கள், பிள்ளைகளுக்கு அந்தப் பெயரில்தான் பரீட்சை.

தேவகோட்டை:
அப்படியே விட்டால் இன்சுலினுக்கும் தமிழ் வேண்டாமா, ஆச்சி?

பள்ளத்தூர்:
வேண்டாம்.

கானாடுகாத்தான்:
சரி, 'பொறுப்பாளுகை'? இறைமாட்சி அதிகாரத்தில் காத்தலையும் வகுத்தலையும், அதாவது பங்கிட்டுச் செலவிடுவதையும், அரசின் வேலையாகச் சேர்த்தே சொல்கிறார் வள்ளுவர், இரண்டும் இதில் அடங்கும்.

காரைக்குடி:
பொறுப்பாளர் என்று வாசிப்பார்களோ என்று சின்னப் பயம். வேறு வழியில்லை, 'பொறுப்பாளுகை' என்றே போட்டுவிட்டேன், பக்கத்திலேயே ஸ்டூவர்ட்ஷிப்பும் இருக்கிறது.

பள்ளத்தூர்:
அந்த இரண்டாவதைத்தான் நான் நடத்துவேன்.

தேவகோட்டை:
புரவு வேறு, புரவுவரி வேறு. கல்வெட்டுப் பக்கங்களை ஸ்கேன் எடுத்து இரவு அனுப்புகிறேன்.