‘கட்டுப்படுத்தலாமா’ என்று கேட்டால் எவன் வே சரி என்பான்?

வண்ணார்பேட்டைக்காரன்:
“மருத்துவ இன்சூரன்ஸ் கம்பெனிகளை அரசு கட்டுப்படுத்துவதை நெல்லை மக்கள் விரும்பவில்லை” என்று நேற்று ஒரு தம்பி எழுதியிருந்தார். ஜங்ஷன் டீக்கடையில் நாலு பேரிடம் கேட்டாராம். கேட்ட கேள்வி: “கம்பெனி என்ன பிரீமியம் வாங்கலாம் என்று அரசு கட்டுப்படுத்தலாமா?” மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போடுவது மாதிரி கேட்டால் எவன் வே சரி என்பான்? “உங்க அப்பாவோட பிரீமியத்தைக் கம்பெனி இஷ்டத்துக்கு ஏற்றாமல் அரசு தடுக்கலாமா?” என்று கேட்டிருக்க வேண்டும். 2013-ல் அமெரிக்காவில் சிஎன்பிசி எடுத்த கணிப்பில், ‘ஒபாமாகேர்’ என்று கேட்டபோது எதிர்த்தவர்கள் 46 சதவீதம். ‘அஃபோர்டபிள் கேர் ஆக்ட்’ என்று கேட்டபோது 37. இரண்டும் ஒரே மருத்துவக் காப்பீட்டுச் சட்டம்!

ஜங்ஷன் தம்பி:
அந்தத் தம்பி நான்தான். நாலு பேர் இல்லை, பதினோரு பேர். அமெரிக்காக் கதை எதற்கு? மூத்த குடிமக்களுக்கு மருத்துவ பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்று நம்ம காப்பீட்டு ஆணையம் 2025 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. உச்சவரம்பு இருக்கிறது. இன்னும் என்ன கட்டுப்பாடு?

பாளை பென்ஷனர்:
உச்சவரம்பு இல்லை. அடுத்த வரியையும் படியும். 10-க்கு மேல் ஏற்ற நினைத்தால் ஆணையத்தை முன்கூட்டியே கலந்தாலோசிக்க வேண்டும். கலந்தாலோசனை. அனுமதி என்று இல்லை. முப்பது வருஷம் கோப்பு எழுதினவன் நான். இந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை லாரி போகும் என்று எனக்குத் தெரியும்.

ஜங்ஷன் தம்பி:
முதல் வரியில் ‘கூடாது’ என்றுதானே இருக்கிறது அண்ணாச்சி? கூடாது என்றால் கூடாது.

பாளை பென்ஷனர்:
“மாமியார் வீட்டுக்குப் போகக்கூடாது. போவதென்றால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ” என்றால் அது தடையா? கலந்தாலோசனை வே.

களக்காட்டு அக்கா:
நீங்கள் இரண்டு பேரும் சண்டை போடுங்கள். எங்கம்மாவுக்கு 68 வயது. போன மாதம் வந்த கடிதத்தில் ‘ஏற்றம்’ என்ற சொல்லே இல்லை, ‘பிரீமியம் மறுசீரமைப்பு’ என்று போட்டிருந்தான். கண்ணாடியை மாட்டி இரண்டு தரம் படித்துவிட்டு, “கொறச்சிருக்கானாக்கும்” என்றாள். பக்கத்தைத் திருப்பினால் 31,200 ரூபாய் 33,900 ஆகியிருக்கிறது.

ஜங்ஷன் தம்பி:
10 சதவீதத்துக்குள்தானே இருக்கிறது! பார்த்தீர்களா, உச்சவரம்பு வேலை செய்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் கிடையாது. அதைச் சொல்ல மாட்டீர்களே.

களக்காட்டு அக்கா:
நான் சொன்னது கடிதத்தின் சொல்லை. நீ கணக்குப் போடுகிறாய்.

சுத்தமல்லிக்காரன்:
இந்த வம்பே வேண்டாம். கலைஞர் கார்டு இருக்கு, ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி இருக்கு.

வண்ணார்பேட்டைக்காரன்:
வாரும்! கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது 2009. 2012 ஜனவரியிலிருந்து அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். நீர் இன்னும் பழைய பேரைத்தான் சொல்கிறீர். கலைஞருக்கு எதிரான கட்சிக்காரரிடம் அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டுப் பாரும், முகம் சுருங்கும்.

சுத்தமல்லிக்காரன்:
என்னைக் கட்சிக்காரன் என்கிறீரா? ஆனித் தேரோட்டத்துக்கு நீர்மோர் பந்தல் போட வசூல் பண்ணினீரே, அந்தக் கணக்கை முதலில் காட்டும்.

வண்ணார்பேட்டைக்காரன்:
கணக்கு அன்றைக்கே ஒட்டியாயிற்று. மோர் குடித்தவர்களுக்குக் கண் தெரியாவிட்டால் நான் என்ன செய்ய?

சுத்தமல்லிக்காரன்:
மோரா அது? தாமிரபரணித் தண்ணியில் கறிவேப்பிலை.

பாளை பென்ஷனர்:
மோரை விடுங்கள். ஆணையத்தின் பெயரிலேயே ‘ஒழுங்குமுறை’ இருக்கிறது. ஒழுங்கு என்றால் எல்லோருக்கும் பிடிக்கும், கட்டுப்பாடு என்றால் கசக்கும். செய்கிற வேலை ஒன்றுதான். தம்பி வேண்டுமென்றே கசக்கிற சொல்லை எடுத்துக் கேட்டுவிட்டு, மக்கள் துப்பினார்கள் என்கிறார். அதோடு, திரும்பவும் சொல்கிறேன், அது கலந்தாலோசனை.

ஜங்ஷன் தம்பி:
வேண்டுமென்றே இல்லை. வாயில் வந்ததைக் கேட்டேன். நாளைக்கு ‘ஒழுங்குமுறை’ போட்டே கேட்கிறேன், அதே பதில்தான் வரும்.

பாளை பென்ஷனர்:
கேள்வியை எழுதி முதலில் எனக்கு அனுப்பும்.

ஜங்ஷன் தம்பி:
உங்களிடம் அனுமதி வாங்க மாட்டேன் அண்ணாச்சி. வேண்டுமானால் கலந்தாலோசிக்கிறேன்.

பாளை பென்ஷனர்:
அப்படியென்றால் இரண்டும் வேறு என்று உமக்கும் தெரிந்திருக்கிறது.

ஜங்ஷன் தம்பி:
உச்சவரம்பு உச்சவரம்புதான்.