வார்ஹாமர் ஆட்டத்தில் முன்னேற வழிகாட்டுதல் வேண்டும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். திருமங்கலத்தில் வசிக்கும் நான், ஆறு மாதங்களாக ஞாயிறுதோறும் மதுரை அண்ணா நகரில் உள்ள அத்தை மகன் வீட்டில் அவருடன், பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்திப் பகடை உருட்டி மோதும் போர் ஆட்டமான வார்ஹாமர் 40,000 ஆடி வருகிறேன். ஆடிய 11 ஆட்டங்களில் ஒன்றில்கூட வென்றதில்லை.

பகடைக் கணக்கு ஓரளவு பிடிபட்டுவிட்டது. 3-க்குக் குறையாமல் விழுந்தால் குறி தப்பாது, 4-க்குக் குறையாமல் விழுந்தால் காயம், எதிரிக்கு 3-க்குக் குறையாமல் விழுந்தால் அவர் கவசம் காக்கும் என்றால், 18 குண்டுகளில் சராசரியாக 12 பட்டு, 6 காயப்படுத்தி, 2 மட்டுமே கவசத்தைத் தாண்டும் என்பதைச் சுடுவதற்கு முன்பே கணித்துவிடுகிறேன். என் குறை வேறிடத்தில் இருக்கிறது. ஆட்டம் 5 சுற்றுகளே என்பதும், இலக்கிடங்களைப் பிடித்து வைத்திருப்பதால்தான் புள்ளிகள் பெரும்பாலும் சேரும் என்பதும் தெரிந்திருந்தும், எதிரியின் பெரிய வாகனத்தை வீழ்த்தும் ஆவலில் படையை முன்னே தள்ளிவிட்டு, மூன்றாம் சுற்றில் இடத்தைக் காக்க ஆளின்றி நிற்கிறேன்.

ஒரு பிரிவை எப்போது இலக்கிடத்தில் நிறுத்துவது, எப்போது சுவருக்குப் பின்னால் மறைத்து வைப்பது என்பதை நீங்கள் எப்படி முடிவு செய்கிறீர்கள்? இப்போதைய 1,000 புள்ளி மதிப்புள்ள படையிலேயே பழகுவதா, போட்டிகளில் வழக்கமான 2,000-க்கு மாறுவதா? மதுரை, விருதுநகர் பக்கம் ஆடுபவர்கள் யாரேனும் ஒரு ஞாயிறு வந்து, என் பிழைகளை ஆட்டத்தின்போதே சுட்டிக்காட்டினால் பேருதவியாக இருக்கும். ஆடுகளமாக 60-க்கு 44 அங்குலத்தில் ஒட்டுப்பலகை தயாராக வைத்திருக்கிறோம்.