பழைய ஆங்கில நாவல் வழியாகச் சொல்வளம்: வேலூர் நண்பர்கள் வழிகாட்டுங்கள்

வணக்கம். ஊர் குடியாத்தம். தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்து, இப்போது வேலூரில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். செய்தித்தாள் ஆங்கிலம் தடையில்லாமல் புரிகிறது. அதற்கு மேலே போக வேண்டும் என்று ரொம்ப ஆசை. சொற்பட்டியலை மனப்பாடம் செய்வதில் நம்பிக்கை இல்லை. ஒரு சொல் எந்த இடத்தில், யார் வாயில் வருகிறது என்று பார்த்தால்தான் மனதில் நிற்கிறது.

அதனால் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' எடுத்திருக்கிறேன். புராஜெக்ட் குட்டன்பெர்க் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 1860-61இல் வாரப் பத்திரிகையில் தொடராக வந்த நாவல் என்பதால், பஸ்ஸில் போகும்போதே ஒரு அத்தியாயம் படித்துவிடலாம். சிறுவன் பிப்பின் கதையை வளர்ந்த பிப்தான் சொல்கிறான். சின்னப் பையனுக்கு நடக்கும் சின்ன விஷயம்கூடக் கனமான சொற்களில் வருகிறது. எனக்கு அதிகம் கிடைப்பது அந்த இடங்களில்தான். கொல்லர் ஜோ பேசும்போதுதான் திணறல். அவர் பேச்சை உச்சரிப்பு மாறாமல் எழுதியிருப்பதால் பல சொற்கள் அகராதியில் அகப்படுவதில்லை.

இன்றும் எழுத்தில் புழங்கும் சொல் எது, வழக்கொழிந்தது எது என்று நீங்கள் எப்படிப் பிரிக்கிறீர்கள்? அகராதி 'பழைய வழக்கு' என்று போடும் குறிப்பை மட்டும் நம்பலாமா? அடுத்து 1813இல் வந்த ஜேன் ஆஸ்டினின் 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' சரியாக இருக்குமா? குறிப்புரையோடு உள்ள பழைய பிரதி வேலூரில் எங்கே கிடைக்கும்?

அப்புறம், ஞாயிறு காலையில் கோட்டைப் பூங்காவில் உட்கார்ந்து சேர்ந்து வாசிக்க யாராவது வருவீர்களா? சத்துவாச்சாரி, காட்பாடி பக்கம் இருப்பவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.