விலாவில் முழங்கை இடி, எப்போது மறுபடி மேட்ச் ஆடலாம்?

கோத்தகிரி விங்கர்:
போன ஞாயிறு ஃபுட்பால் மேட்சில் கார்னர் கிக்குக்கு எழும்பினபோது எதிர் டீம் டிஃபெண்டரின் முழங்கை வலது விலாவில் நன்றாக இறங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்கிறார்கள், ஆனால் தும்மினால் உயிர் போகிறது, படுத்தால் எழ முடியவில்லை, இந்த மழைக் குளிரில் தும்மல் வேறு நிற்க மாட்டேன் என்கிறது. அம்மா மூச்சுப்பிடிப்பு என்று சொல்லி தைலமும் கையுமாக நீவிவிட நிற்கிறார். கிரேப் பேண்டேஜை இறுக்கிக் கட்டிக்கொண்டு ரெண்டு வாரத்தில் இறங்கிவிடலாமா?

குன்னூர் கோலி:
கட்டவே கட்டாதே தம்பி. முன்பெல்லாம் கட்டுவார்கள், இப்போது டாக்டர்கள் கட்டுவதில்லை. இறுக்கினால் நுரையீரல் முழுசாக விரியாது, சளி தேங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடும். டாக்டர் கொடுத்த வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு மணிக்கொரு தடவை, ஒரு பத்து முறை ஆழமாக மூச்சு இழுத்து விடு. இருமலை அடக்காதே, தலையணையை விலாவோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமு, தும்மலுக்கும் அதேதான். எனக்கு இதே அடி பட்டபோது முதல் வாரம் முழுக்க மூணு தலையணையில் சாய்ந்துதான் தூங்கினேன். நீவுவது? வேண்டாம் சாமி.

கோத்தகிரி விங்கர்:
எக்ஸ்ரேதான் சுத்தமாக இருக்கிறதே அண்ணா, அப்புறம் ஏன் இவ்வளவு வலி?

ஊட்டி நர்ஸ்:
மெல்லிய விரிசல் எக்ஸ்ரேயில் பல நேரம் தெரியாது, குருத்தெலும்பில் பட்ட அடியும் அப்படித்தான். நுரையீரலில் காற்று கசிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் முக்கியமாக அதை எடுப்பது. விரிசல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வைத்தியம் ஒன்றுதான், அதனால் விரிசலைக் கண்டுபிடிக்க என்றே ஸ்கேனுக்கு கோயம்புத்தூர் கிளம்ப வேண்டாம், கொண்டை ஊசி வளைவில் பஸ் போடும் ஆட்டத்தில் அந்த விலா என்ன பாடுபடும் என்று யோசியுங்கள். ஆனால் மூச்சுத் திணறல், காய்ச்சல், சளியில் ரத்தம், இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி போங்கள். வலது கீழ் விலாவுக்கு உள்ளே கல்லீரல் இருக்கிறது, வயிற்று வலியோ மயக்கமோ தோள் வலியோ வந்தால் காத்திருக்காதீர்கள்.

குன்னூர் கோலி:
ரெண்டு வாரக் கணக்கை மறந்துவிடு. விரிசல் கூட 6 வாரம் ஆகும், குருத்தெலும்பு என்றால் இன்னும் இழுக்கும். நடக்கலாம், மேடு ஏறும்போது மெதுவாக. நான் வலி குறைந்ததே என்று நாலாவது வாரம் இறங்கினேன், முதல் டைவிலேயே பழையபடி ஆகிவிட்டது. பயிற்சியில் ஓடி, திரும்பி, இருமியும் வலிக்காத பிறகுதான் மோதலுக்குப் போ.

கோத்தகிரி விங்கர்:
சரி, ஃபைனலுக்கு பெஞ்ச்தான். தைலத்தை மூக்கடைப்புக்கு மட்டும் என்று அம்மாவிடம் பேசிப் பார்க்கிறேன்.